ஏஐ படித்த தமிழுக்குக் காசு யாருக்கு? டெல்லி வழக்கும் மத்திய அரசின் திட்டமும் சொல்வது என்ன?

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளிக்கு முன்னால் வருகிறது சந்தாபுரா. ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துக்காரர்கள் பலர் இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்க்கிளில் நின்றால், ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழும். என் நண்பர் ஒருவர் இங்கேதான் இருக்கிறார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து ப்ளாக்ஸ்பாட்டில் தமிழில் எழுதுகிறார். பெரிய வாசகர் கூட்டமெல்லாம் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் அவர் தன் பாட்டியிடம் கேட்டு, கேழ்வரகு விதைப்பதிலிருந்து களி கிண்டுவது வரைக்குமான சொற்களைத் தொகுத்து ஒரு பதிவு போட்டிருந்தார். அதில் ஒரு சொல் ஊர்ச்சொல்லே இல்லை. அவருடைய மாமா சின்ன வயதில் மழலையில் சொன்னது, அந்த வீட்டுக்குள் மட்டும் நிலைத்துவிட்டது. போன மாதம் ஒரு ஏஐ சாட்பாட்டிடம் தருமபுரிப் பக்கத்து வேளாண் சொற்களைக் கேட்டிருக்கிறார். வந்த பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்தது. "வட்டார வழக்கு" என்று விளக்கம் வேறு.

"இது திருட்டா, இல்லையா? நீதான ஜர்னலிஸ்ட், சொல்லு" என்றார்.

அந்தச் சொல் என்ன, கட்டுரையில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். அதையும் வந்து எடுத்துக்கும்."

திருட்டா இல்லையா என்பதற்கு இந்தியாவில் இன்னும் தெளிவான சட்டப் பதில் இல்லை. ஆனால் பதில் எங்கே உருவாகிறது, அது வரும்போது என் நண்பரைப் போன்றவர்களுக்கு அதில் இடம் இருக்குமா என்பதை இப்போதே ஓரளவு கணிக்க முடியும்.

முதலில், என்ன நடந்திருக்கலாம்?

இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் திசை மாறிப்போகிறது.

ஒன்று, பயிற்சி. இணையத்தில் உள்ள கோடிக்கணக்கான பக்கங்களை இறக்கி, அதிலுள்ள சொற்கள் எதன் பக்கத்தில் எது வருகிறது என்ற கணக்கை மாடல் கற்றுக்கொள்கிறது. கற்ற பிறகு உங்கள் பதிவு அப்படியே ஒரு ஃபைலாக அதற்குள் உட்கார்ந்திருக்காது, எண்களாகக் கரைந்திருக்கும். அபூர்வமான வரிகள், திரும்பத் திரும்ப வந்த வரிகள் சில சமயம் கரையாமல் அப்படியே வெளியே வரும்.

இன்னொன்று, தேடல். கேள்வி கேட்ட அந்த நொடியில் சாட்பாட் இணையத்தில் தேடி, உங்கள் பக்கத்தைப் படித்து, சுருக்கிக் கொடுக்கிறது. இதில் பெரும்பாலும் இணைப்பு காட்டும். என் நண்பருக்கு இணைப்பு எதுவும் காட்டவில்லை. அதனால் பயிற்சியில் போயிருக்கலாம் என்று ஊகிக்கிறோம். நிரூபிக்க வழியில்லை, எந்தெந்தப் பக்கங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தோம் என்ற முழுப் பட்டியலைப் பெரிய கம்பெனிகள் வெளியிடுவதில்லை.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் என்ன கேள்வி?

2024 நவம்பரில் ஏ.என்.ஐ செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அனுமதி இல்லாமல் தன் செய்திகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது, தான் எடுக்காத பேட்டியைத் தன் பெயரில் சாட்பாட் உருவாக்கிச் சொன்னது என்பவை குற்றச்சாட்டுகள். 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. நவம்பர் 19 அன்று நீதிபதி அமித் பன்சல் ஓபன்ஏஐக்குச் சம்மன் அனுப்பினார்.

நீதிமன்றம் நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டது. பயிற்சிக்காகச் செய்தியைச் சேமிப்பது காப்புரிமை மீறலா? அதைப் பயன்படுத்திப் பதில் உருவாக்குவது மீறலா? இதெல்லாம் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கும் நியாயமான பயன்பாட்டுக்குள் வருமா? சர்வர்கள் அமெரிக்காவில் இருக்கும்போது இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? முதல் இரண்டு கேள்விகளைக் கவனியுங்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாகப் பார்க்கப்படுகின்றன.

நீதிமன்றத்துக்கு உதவ இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் வழக்கறிஞர் ஆதர்ஷ் ராமானுஜன். இன்னொருவர் சட்டப் பேராசிரியர் அருள் ஜார்ஜ் ஸ்கேரியா. இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். பயிற்சி மீறலா என்பதில் பிரிந்தார்கள். ஆதர்ஷின் பார்வையில் அது மீறல்தான். ஸ்கேரியா, வெளியே கிடைக்கும் உள்ளடக்கத்திலிருந்து கற்றுக்கொள்வதற்காகச் சேமிப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்ற பக்கம் நின்றார். நீதிமன்றமே நியமித்த இருவர் எதிரெதிராக நிற்கும் அளவுக்குச் சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கிறது.

காரணம் எளிது. அமெரிக்கச் சட்டத்தின் நியாயப் பயன்பாடு வளைந்து கொடுக்கும் ஒரு கொள்கை. நம்முடையது பட்டியல். சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டியலில் 'மாடல் பயிற்சி' இல்லை. 'ஆராய்ச்சி' என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதுதான் சண்டையே.

ஓபன்ஏஐ தரப்போ, செய்தியிலுள்ள தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஏ.என்.ஐ இணையதளத்தை ஏற்கெனவே தடைப்பட்டியலில் போட்டுவிட்டோம் என்றது. பதிப்பாளர் கூட்டமைப்பு, டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கம், இசை நிறுவனங்களின் அமைப்பு என்று வரிசையாக வழக்கில் நுழைந்தார்கள். எல்லாமே நிறுவனங்கள், சங்கங்கள். தனி ஆளாக எழுதுகிறவர் அந்தக் கூட்டத்தில் தெரியவில்லை.

மத்திய அரசின் திட்டம்: 'வேண்டாம்' சொல்ல முடியாது

நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 ஏப்ரலில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் ஆய்வறிக்கையின் முதல் பகுதி 2025 டிசம்பர் 8 அன்று வெளிவந்தது. 'ஒரே நாடு, ஒரே லைசென்ஸ், ஒரே கட்டணம்' என்பது அதன் முழக்கம்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: சட்டப்படி அணுகக்கூடிய எந்தப் படைப்பையும் ஏஐ கம்பெனிகள் யாரிடமும் கேட்காமல் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். படைப்பாளி தடுக்க முடியாது. பதிலுக்கு, ஏஐ சேவையிலிருந்து வருமானம் வரத் தொடங்கியதும் அதில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். விகிதத்தை அரசு நியமிக்கும் குழு முடிவு செய்யும். வசூலிக்க ஒரு மத்திய அமைப்பு. அதில் உறுப்பினர்களாக இருப்பது தனிநபர்கள் அல்ல, ஒவ்வொரு வகைப் படைப்புக்குமான சங்கங்கள். ஏற்கெனவே பயிற்சி முடித்து வருமானம் பார்ப்பவர்களும் கட்ட வேண்டும். உங்கள் பங்கு வர வேண்டுமானால் உங்கள் படைப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

குழுவில் இருந்த நாஸ்காம் இதை ஏற்கவில்லை. பயிற்சிக்குச் சட்ட விலக்கு கொடுங்கள், வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள வழி வையுங்கள் என்பது அவர்கள் நிலை. கோரமங்கலா, எச்.எஸ்.ஆர் லேஅவுட்டில் உட்கார்ந்து மாடல் கட்டும் ஸ்டார்ட்அப்காரர்களிடம் பேசினாலும் இதே கவலைதான். பெரிய அமெரிக்கக் கம்பெனி ராயல்டியைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடும், நாங்கள்?

அறிக்கை இதற்கு வைக்கும் எதிர்வாதம் எனக்கு ஓரளவு நியாயமாகவே படுகிறது. விலகும் உரிமை என்பது சின்னப் படைப்பாளிக்குப் பேப்பரில் மட்டும் இருக்கும் உரிமை. இணையதளத்தில் ரோபாட்ஸ் ஃபைல் என்று ஒன்று உண்டு. எந்த பாட் உள்ளே வரலாம், வரக்கூடாது என்று அதில் எழுதிவைக்கலாம். ஓபன்ஏஐ தன் ஜிபிடிபாட்டை இப்படித் தடுக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்கு முன்பே எடுத்ததை அது திருப்பித் தராது. அதுவும் பூட்டு இல்லை, 'உள்ளே வராதீர்கள்' போர்டு மட்டும்தான். தமிழில் கவிதையும் சமையல் குறிப்பும் எழுதும் எத்தனை பேருக்கு இப்படி ஒரு போர்டு இருப்பதே தெரியும்?

தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது

'படைப்பை எல்லோரும் பயன்படுத்தட்டும், அரசு பணத்துக்கு ஏற்பாடு செய்யும்' என்ற யோசனை டெல்லிக்குப் புதிதாக இருக்கலாம். நமக்குப் பழையது. அதன் பெயர் நாட்டுடைமை.

பாரதியார் 1921-ல் இறந்தார். அவருடைய நூல்களின் உரிமை குடும்பத்திடமிருந்து அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் போனது. அதிலிருந்து ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து ஒரு வணிகரிடம் விற்கப்பட்டது. ரேடியோவும் பேசும் படமும் இன்னும் முழுசாக வேர்விடாத காலம். அந்த உரிமை பின்னால் என்ன விலை போகும் என்று விற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு அதை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் பெரிய ஹிட். அடுத்து டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்த, உரிமைத் தகராறு வந்தது. பாரதி யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்ற குரல் வலுத்தது. மெய்யப்பன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை எடுத்துக்கொண்டது. பின்னால் அது பொதுமக்களுக்கானதாக ஆனது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தேசபக்தி இல்லை, அந்த ஒலிபரப்பு உரிமைதான். ஒரு புதிய தொழில்நுட்பம் வரும்போது பழைய படைப்பிலிருந்து ஒரு புதிய உரிமை முளைக்கிறது. அதன் மதிப்பு தெரிவதற்குள் அது கைமாறிவிடுகிறது. ஏஐ பயிற்சி உரிமை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது.

பாரதிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த நூல்களை யாரும் படிக்கலாம், யாரும் அச்சடிக்கலாம், மாடலுக்கும் கொடுக்கலாம். சட்டச் சிக்கல் இல்லாத தரமான தமிழ் உரைநடை பெருமளவில் கிடைக்கிறது என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு வித்தியாசம். 2009-ல் தமிழ்நாடு அரசு நாட்டுடைமைப் பட்டியலை அறிவித்தபோது கண்ணதாசன், சுந்தர ராமசாமி குடும்பத்தினர் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். விட்டுவிட்டார்கள். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அங்கே இடம் இருந்தது. டெல்லியின் புதிய திட்டத்தில் அந்தச் சொல் இல்லை.

அனுமதி கேட்பது நடைமுறையில் முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தமிழ் உதாரணம்: 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கினோம், உரிய பணம் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு குரலும் கோடிக்கணக்கான பக்கங்களும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்பது என்ற பழக்கத்துக்கு ஒரு அளவு எல்லை உண்டா, அந்த எல்லைக்கு அப்பால் கேட்கவே வேண்டாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டேட்டா ஆள் என்பதால் இதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. கீழே உள்ள வருமானமும் விகிதமும் என் கற்பனை. பங்குகள் மட்டும் நிஜம்.

ராயல்டிக்கு உட்பட்ட வருமானம் 1,000 கோடி ரூபாய், விகிதம் 1 சதவீதம் என்று வைப்போம். பிரிக்க வேண்டிய பணம் 10 கோடி. இதில் தமிழுக்கு எவ்வளவு?

மாடல் பயிற்சிக்கு அதிகம் பயன்படும் காமன் க்ரால் என்ற திறந்த இணையத் தொகுப்பில் தமிழ்ப் பக்கங்கள் 0.1 சதவீதம்கூட இல்லை. அந்த அளவுகோலில் பிரித்தால் மொத்தத் தமிழுக்கும் 1 லட்சம் ரூபாய்க்குக் கீழே. எழுத்தாளர் ஒருவருக்கு இல்லை, மொத்தத் தமிழுக்கும். அதுவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்ன 6.9 கோடிப் பேரின் பங்கை, அதாவது சுமார் 5.7 சதவீதத்தை, அளவுகோலாக எடுத்தால் 57 லட்சம். ஒரே பணம், ஒரே திட்டம். சூத்திரம் மாறியதும் ஐம்பது மடங்குக்கு மேல் மாறுகிறது.

இன்னொரு கோணமும் உண்டு. தமிழ் டேட்டா குறைவாக இருப்பதால் ஒவ்வொரு நல்ல தமிழ்ப் பக்கத்தின் எடையும் அதிகம். ஆங்கிலத்தில் ஒரு சமையல் பதிவு போனால் இன்னும் பத்தாயிரம் இருக்கும். கேழ்வரகு அரைக்கும் தருமபுரிச் சொற்களுக்கு என் நண்பரின் பதிவைத் தவிர எத்தனை இருக்கும்? அவர் வீட்டு மழலை வட்டார வழக்காக மாறியது அதனால்தான். அரிதான டேட்டாவுக்கு அதிக மதிப்பு கொடுக்கும் சூத்திரம் வருமா என்பதைத் தமிழ், கன்னடம், துளு எழுதுகிறவர்கள்தான் கேட்க வேண்டும். அறிக்கையை வெளியிட்டபோது அரசு கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் 30 நாள்.

சங்கங்கள் வழியாகப் பணம் வரும் என்பதும் நமக்குப் பாடமான விஷயம். இசைக்கு ஐ.பி.ஆர்.எஸ் இருக்கிறது, இளையராஜா புண்ணியத்தில் பாட்டுக்கு ராயல்டி என்று ஒன்று உண்டு என்பது டீக்கடை வரை தெரியும். எழுத்துக்கு ஐ.ஆர்.ஆர்.ஓ என்று ஒரு பதிவு பெற்ற சங்கம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? நான் கேட்ட நான்கு தமிழ் எழுத்தாளர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

டெலிகிராம் பிடிஎஃப்பும் 3,000 டாலரும்

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் நடந்து முடிந்திருக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கில், 2025 ஜூனில் நீதிபதி வில்லியம் அல்சப், நூல்களை வைத்துப் பயிற்சி கொடுத்தது நியாயப் பயன்பாடுதான் என்றார். ஆனால் திருட்டு நூலகத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்துவைத்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றார். அந்த வருஷமே கம்பெனி 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சுமார் 5 லட்சம் நூல்கள். நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர், அதாவது இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

அந்தப் பணம் யாருக்கு? நூலுக்கு சர்வதேச அடையாள எண்ணோ அமேசானின் அடையாள எண்ணோ இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இந்தியாவில் காப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை, எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடும். அதனால் நாம் பதிவு செய்வதில்லை. சென்னையில் அச்சான ஒரு தமிழ் நாவல் அந்தத் திருட்டு நூலகத்தில் கிடந்திருந்தாலும், பதிவு இல்லாமல் இந்தச் சமரசத்தில் ஒரு டாலர்கூட வராது.

மத்திய அரசின் திட்டமும் திருட்டு நகலை ஏற்கவில்லை, 'சட்டப்படி அணுகிய' படைப்பு மட்டும்தான் என்கிறது. நல்லது. ஆனால் இங்கே கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இறந்து 60 ஆண்டு ஆகாத தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் டெலிகிராம் குரூப்களில் ஸ்கேன் பிடிஎஃப்பாக ஓடுகின்றன. சுஜாதாவும் ஜெயகாந்தனும் அப்படித்தான் பல பேர் போனில் இருக்கிறார்கள். மாடலுக்கு அந்த நூல்கள் கிடைத்திருந்தால், ஏற்றி வைத்தது நம்மில் ஒருவராகத்தான் இருக்கும்.

சரி, இதுல நான் என்ன செய்ய முடியும்?

ஆபீஸில் நீங்கள் எழுதும் கோட், கன்டென்ட் எல்லாம் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கம்பெனியுடையது. அதைப் பயிற்சிக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் முடிவு. வெளியே சொந்தமாக எழுதுபவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

நூல் போட்டிருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். உரிமையை எழுதிக் கொடுத்த நேரத்தில் இல்லாத, வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. அப்படியானால் 2015-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஏஐ பயிற்சி உரிமை பதிப்பாளருக்குப் போகவில்லை, இன்னும் ஆசிரியரிடமே இருக்கிறது என்று வாதிட நல்ல இடம் உண்டு. நீதிமன்றம் இதை ஏஐக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆனால் எழுத்து தெளிவாக இருக்கிறது. 1930-களில் பாரதி குடும்பத்துக்கு இப்படி ஒரு வரி கிடையாது.

இனி போடும் ஒப்பந்தத்தில் 'இனி வரும் அனைத்துத் தொழில்நுட்பங்களுக்கும்' என்ற மாதிரி வாசகம் இருந்தால் அங்கே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் சில நூல்களைப் பயிற்சிக்குக் கொடுக்க முன்வந்தபோது ஆசிரியரிடம் தனியாகச் சம்மதம் கேட்டது. நூலுக்கு 5,000 டாலர், ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் பாதிப் பாதி. கேட்டால் கொடுக்கும் சந்தை ஒன்று உருவாகிறது என்பதற்கு அது அடையாளம். கட்டாய லைசென்ஸ் வந்துவிட்டால் இந்தியாவில் அந்தச் சந்தைக்கு வேலை இருக்காது.

ப்ளாக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'க்ராலர்ஸ்' பகுதிக்குப் போய், எந்த பாட்டை அனுமதிப்பது என்று எழுதலாம். இரண்டு நிமிஷ வேலை.

என் நண்பர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து, எல்லா ஏஐ பாட்களையும் மொத்தமாகத் தடுத்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போயிருக்கிறார். ஏழாவது படிக்கும் அக்கா பையன் வீட்டுப்பாடத்துக்கு சாட்பாட்டிடம் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தானாம். அது சொன்ன தமிழ், மொழிபெயர்த்த சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருந்ததாம். "நாம எழுதினத எல்லாம் மூடி வச்சா, அந்தப் பையனுக்கு இந்தத் தமிழ்தான் கிடைக்கும்" என்றார்.

திரும்பி வந்து தடையை மாற்றி எழுதினார். இப்போது பாட்டியின் சொற்கள் உள்ள அந்த ஒரு பதிவின் முகவரி மட்டும் தடையில் இருக்கிறது. மற்றதெல்லாம் திறந்து கிடக்கிறது.